பாட்டு கட்டியவர் போன பிறகு, பாட்டு யாருக்கு?

வடசென்னையில் காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் கானா எழுதுகிறவர்கள் வக்கீலைத் தேடி வருவது தகராறு முற்றிய பிறகுதான். பல சமயம் எழுதியவர் வருவதுகூட இல்லை. அவர் இறந்து, காரியமும் முடிந்து, மனைவி வருவார். கையில் ஒரு ஸ்டாம்ப் பேப்பரின் போட்டோ: “வரிகள், மெட்டு, சகல உரிமைகளையும் கொடுத்துவிட்டேன்.” கீழே சிறு தொகை, கையெழுத்து. “அவரே எழுதிக் குடுத்துட்டாரு சார், இனி என்னா இருக்கு?”

இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில், தங்களுக்குள்ள சமபங்கை வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் தரலாம். மாற்றி எழுதிய வாசகம் செல்லாது. சினிமாப் பாட்டாக இருந்தால், தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இந்தப் பங்கு கிடையாது. சரி, மற்ற உரிமைகள்? பேப்பரில் எத்தனை வருடம் என்று போடவில்லையென்றால் 5 வருடம்தான். எந்த நாடு என்று இல்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். அவசரத்தில் அடித்த அக்ரிமென்ட்டுகளில் இவை இரண்டும் விட்டுப்போயிருக்கும். குடும்பத்துக்கு அதுவே நல்லது. வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை, எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும்.

இந்த உரிமை யாருக்கு என்று உயில் எழுதி வைப்பதில் வசதி உள்ளவர்களும் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க பாப் பாடகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் பிரின்ஸ், தன் பாட்டுகளின் மாஸ்டர் (மூல) ஒலிப்பதிவுகளுக்காக வார்னர் என்ற இசை நிறுவனத்தோடு மோதியவர். 1993இல் தன் பெயரையே ஒரு குறியாக மாற்றிக்கொண்டார், கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். 2016 ஏப்ரல் 21 அன்று 57 வயதில், ஃபென்டனில் என்ற வலி மருந்து அளவு மீறி உடம்பில் சேர்ந்து இறந்தார். உயில் இல்லை. உடன்பிறந்தவர்கள் வழக்கில் இழுபட, சொத்து மதிப்பு சுமார் 15.6 கோடி டாலர் என்று முடிவாகவே 2022 ஆகிவிட்டது. உரிமைக்காக அவ்வளவு சண்டை போட்டவர் ஒரு தாள் எழுதி வைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களிடமும் வாங்கினால் போதும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். உயில் இல்லாமல் போனால், இந்து ஆணுக்குத் தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வாரிசு. தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.

கானாவில் பெரிய தலைவலி ஆதாரம்தான். பாட்டு வாயிலேயே கட்டப்படுகிறது. பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்க, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்தான் முதல் பிரதி. அதில் தேதி இருக்கிறது, குரல் இருக்கிறது. ஆனால் போனின் பேட்டர்ன் லாக் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது! பாட்டு கட்டிய அன்றைக்கே வீட்டில் ஒருவருக்கு அதை அனுப்பிவிடுங்கள். யூடியூபில் வெளியானதும், வரிகள் என்று உங்கள் பெயர் வரும் இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பெயரைச் சேனல்காரர் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.