மறைத்த வயரும் சூடாகும்

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும், மேலே ஓடும் கறுப்பு வயர்க் கற்றை கண்ணிலேயே படக்கூடாது என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கற்றை ஒரு காரணத்தோடுதான் அந்த வழியாகப் போகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தரியை எடுக்கக்கூடாது.

கார் கம்பெனி அழகைப் பார்த்து வயர் இழுப்பதில்லை. அசெம்பிளி லைனில் சட்டென்று மாட்ட வேண்டும், பழுது பார்ப்பவரின் கைக்கு எட்ட வேண்டும். ஒரே ஹார்னஸை, அதாவது கட்டித் தயாராக வரும் வயர்க் கற்றையை, ஒரு காரின் பல வகைகளுக்குப் பயன்படுத்துவதும் உண்டு. அதனால் தேவைக்கு மேல் நீளமும், சில சமயம் எதிலுமே மாட்டாத கனெக்டர்களும் தொங்கும். இந்த உபரியை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பலர் இதைச் செய்யாமல், மொத்தக் கற்றையையும் அப்படியே ஃபெண்டருக்குள் (முன் சக்கரத்தை மூடும் தகட்டுக்குள்) திணித்துவிடுகிறார்கள். அங்கே டயர் வாரி அடிக்கும் சேறும் கல்லும் இருக்கிறது, தகட்டின் கூரான விளிம்பும் இருக்கிறது. துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் தகடு இன்சுலேஷனை மெல்ல மெல்ல அறுத்து ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

சரி, நீளத்தைக் குறைத்தாயிற்று. கற்றையை எப்படி ஒடுக்கமாக்குவது? இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு கற்றையை வளைக்கும்போது வெளிப்பக்க வயர் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்க வயருக்குக் குறைந்த தூரம் போதும். நேராக அடுக்கி டேப் சுற்றியிருந்தால் வெளியே இருப்பது இழுபடும், உள்ளே இருப்பது மடங்கிப் புடைக்கும். இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இழுப்பு விழுந்து தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

ரேஸ் கார்களுக்கு வயரிங் செய்கிறவர்கள் இதைக் கயிறு திரிப்பது போலத் திரிக்கிறார்கள். நடுவில் 1 வயர், அதைச் சுற்றி 6, அதற்கு மேல் எதிர்த்திசை முறுக்கில் 12. ஒரே தடிமன் வயர்கள் என்றால் இந்த எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தும். முறுக்கில் இருக்கும் வயர் ஒரு சுற்று முடிவதற்குள் வளைவின் வெளிப்பக்கத்துக்கும் போய்விடுகிறது, உள்பக்கத்துக்கும் வந்துவிடுகிறது. அங்கே கூடிய நீளம் இங்கே குறைந்து சரியாகிவிடுவதால் எந்த வயரும் இழுபடுவதில்லை. 2 மி.மீ. தடிமனுள்ள 19 வயர்களும் சேர்ந்து 10 மி.மீ. குழாய் ஒன்றின் அளவுக்கு அடங்கிவிடும். மேலே வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுவிட்டால் மறைக்க வேண்டிய அவசியமே பல இடங்களில் இருக்காது.

இப்படி இறுக்கினால் சூடு வெளியே போக வழியில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தாமிரம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்தடை கூடும். 20 டிகிரியில் இருந்த வயர் 100 டிகிரிக்குப் போனால் தடை ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். அதனால் அதே கரண்ட்டில் இன்னும் சூடாகும். ஆகவே ரேடியேட்டர் ஃபேன் போன்ற கனத்த கரண்ட் வயர்களைக் கற்றையின் நடுவில் புதைக்காதீர்கள், தனியே விடுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் போகவே வேண்டாம். பி.வி.சி. உறை அதிகபட்சம் 105 டிகிரி வரைதான் தாங்கும், கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன் 125 வரை. மேனிஃபோல்டோ பல நூறு டிகிரியில் இருக்கும்.

பேட்டரியையே டிக்கிக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, கேபிள் 5 மீட்டர், குறுக்குப் பரப்பு 25 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 50 சதுர மி.மீ. போட்டால் அந்த இழப்பு பாதியாகும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

சிக்னல் வயர்களின் கதை வேறு. இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரின் வயரை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் வயரோடு ஒட்டிக் கட்டினால் இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியுவுக்குப் பொய்த் துடிப்புகள் போகலாம். அதன் ஷீல்டு உறையை வெட்டி எறியக்கூடாது. காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸின் இரண்டு வயர்களும் முறுக்கியே ஓட வேண்டும். வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறுகிறது, ஈசியு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது கழிந்துவிடுகிறது. நீட்டும் இடத்தில் முறுக்கைப் பிரித்துவிட்டால் இந்தப் பலன் குறைந்துவிடும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இன்னும் விசித்திரம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. அங்கே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் காற்று போகும் வழி அடைபடும், அதனால் கிரிம்ப் செய்வதே (உலோகக் குழலை வைத்து இறுக்கி நசுக்கி இணைப்பதே) சரி. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் எர்த். ரப்பர் மவுண்ட்டில் இருக்கும் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் திரும்பிப் போக எர்த் ஸ்ட்ராப்தான் வழி. அழகுக்காக இன்ஜின் அறை முழுக்கப் பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கினால் அது ஒழுங்காகத் தொடாது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் தகடு தெரியச் சுரண்டி, மாட்டிய பிறகு துருப்பிடிக்காமல் மேலே பூசுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வேறு எதையும் தேடுவதற்கு முன் அந்த எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.