மைலேஜ் குறைஞ்சா இன்ஜின தொறக்காதீங்க, முதல்ல சக்கரத்த பாருங்க

"அண்ணே, வண்டி பெட்ரோல் குடிக்குது, இன்ஜின கொஞ்சம் பாருங்க"ன்னுதான் பட்டறைக்கு வர்றவங்கள்ல பாதி பேரு ஆரம்பிப்பாங்க. மைலேஜ் எப்படி பாத்தீங்கன்னு கேட்டா டேஷ்போர்ட காட்டுவாங்க. அத நம்பாதீங்க, பல வண்டில அது கொஞ்சம் தாராளமாவே சொல்லும். பங்க்ல ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிடுங்க, நல்லா ஓட்டிட்டு அதே பங்க்ல மறுபடி ஆட்டோ கட் வரைக்கும் போடுங்க, ஓடுன கிலோமீட்டர ரெண்டாவது தடவ போட்ட லிட்டரால வகுத்தா அதுதான் நெச மைலேஜ்.

குறைஞ்சிருந்தா முதல்ல டயர் காத்து. ஓட்டிட்டு வந்த சூட்டோட செக் பண்ணா பிரஷர் ஏத்தி காட்டும், அதனால காலையில வண்டி எடுத்ததும் பாத்துடுங்க. எவ்ளோ அடிக்கணும்னு பெரும்பாலும் டிரைவர் கதவ தொறந்தா பக்கத்துல ஸ்டிக்கர்லயே இருக்கும், பங்க் பையன கேக்க வேணாம். பஞ்சரே இல்லாட்டியும் மாசம் ஒரு பிஎஸ்ஐ போல தானா எறங்கும்.

அடுத்தது முக்கால்வாசி பேரு கவனிக்காத விஷயம், பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்குறது. காலிப்பர் (பிரேக் பேட அழுத்துற பாகம்) நகர்ற பின்ல கிரீஸ் காஞ்சு இறுகிடுச்சுன்னா பேட், சக்கரத்தோட சுத்துற டிஸ்க்க விடாம உரசிக்கிட்டே வரும். பிரேக் அதிகம் போடாம கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திட்டு ஒவ்வொரு ரிம்முகிட்டயும் கைய கொண்டுபோங்க (தொட்டுடாதீங்க, சுட்டுடும்), ஒண்ணுல மட்டும் அனல் அடிச்சா உங்க பெட்ரோல் காசு அங்கதான் போகுது.

இன்னொரு கூத்து, நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு இன்ஜின் சூடேறுற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற தெர்மோஸ்டாட் வால்வயே கழட்டி போட்டுடுறாங்க சில மெக்கானிக்குங்க. இன்ஜின் சரியா சூடேறாது, இன்னும் சூடாகலன்னு நெனச்சு ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோல கூடுதலா விடும். இன்ஜின் ஹீட் ஆகுதுன்னா ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட்ட பாக்கணும், வால்வ கழட்டுறது வைத்தியம் இல்ல.

ஏற்காட்டுல இருந்து எறங்குறப்ப நியூட்ரல் போடுறவங்களுக்கும் சொல்றேன், அது கார்புரேட்டர் (பெட்ரோலயும் காத்தயும் கலந்து விடுற பழைய பாகம்) காலத்து பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டில (ஈசியூ சொல்ற அளவுக்கு இன்ஜெக்டர் பெட்ரோல தெளிக்கிற வண்டி) கியர்லயே விட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோல நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜின சுத்தும். நியூட்ரல்ல ஐடிலிங்குக்கு பெட்ரோலும் போகும், முழு பாரமும் பிரேக் மேல விழுந்து பிரேக் நிக்காமலும் போயிடலாம்.

பைபாஸ்ல 80ல இருந்து 100க்கு ஏத்தினா காத்தோட எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஏறுது, அவ்ளோதான் சொல்வேன். ஏசியும் குடிக்கத்தான் செய்யும், அதுக்காக மே மாசத்துல வெந்து சாகாதீங்க, ஏறுனதும் கண்ணாடிய எறக்கி உள்ள இருக்க அனல வெளிய விட்டுட்டு அப்புறம் போடுங்க.