ஓடுவதற்கு முன்னால் அவன் எங்கே பார்த்தான்?

ஏப்ரல் வந்தால் டிராஃப்ட்: அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்கள். கல்லூரி ஆட்டங்களின் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை. குவாட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி, எறிவதா ஓடுவதா என்று முடிவெடுப்பவன். ஓடத் தெரிந்த குவாட்டர்பேக் ஒருவன் கண்ணில் பட்டுவிட்டால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான்?” அந்த எண்ணை நான் கடைசியில்தான் பார்க்கிறேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, இன்னும் 7 கெஜம் முன்னேற வேண்டும். பையன் பந்தை வாங்கி இடப்பக்க ரிசீவரை, எறியும் பந்தைப் பிடிக்க வேண்டியவனை, பார்க்கிறான். அங்கே தடுப்பவன் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். உடனே பந்து தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிறது, கண்ணும் கூடவே இறங்குகிறது. அப்புறம் ஓட்டம்தான், 22 கெஜம். அரங்கமே அலறுகிறது. வீடியோவைப் பின்னால் ஓட்டினால், நடுவில் இன்னொரு ரிசீவர் பக்கத்தில் ஆளே இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். என் நோட்டில் அதற்குக் கழித்தல் குறி. அதே பையன் வேறொரு ஆட்டத்தில் நெருக்கடியிலிருந்து ஒதுங்கி, பந்தைத் தோளருகே வைத்தபடியே மைதானம் முழுக்கத் தேடிவிட்டு, வழியே இல்லை என்றானபின் 6 கெஜம் ஓடி, அடி வாங்காமல் சறுக்கி உட்கார்ந்தான். எனக்கு அந்த 6 தான் பெரிது.

கல்லூரியில் நீளமான ஓட்டம் கிடைக்க மைதானமும் ஒரு காரணம். ஒவ்வொரு முயற்சிக்கும் பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லை போடுபவை ஹாஷ் கோடுகள். அவற்றுக்கு இடையே அங்கே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு ஓரத்தில் இருந்தால் மறுபக்கம் ஓட அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும். கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எறியும் முன்பே குவாட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தும் ‘சாக்’கில் இழந்த கெஜங்களைக் கல்லூரியில் ஓட்டக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். அதைத் தனியாகப் பிரித்து எடுக்காமல் யாரையும் எடைபோடாதீர்கள்.

2016இல் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவாட்டர்பேக் லமார் ஜாக்சனை, 2018 டிராஃப்டுக்கு முன்னால் ரிசீவராக மாறச் சொன்னவர்கள் உண்டு. நான்கு குவாட்டர்பேக்குகள் போனபின் 32ஆவதாகத்தான் பால்டிமோர் அவரை எடுத்தது. 2019இல் 1,206 கெஜம் ஓடினார், 36 டச்டவுன் பாஸ் போட்டார், ஒருமனதாக எம்.வி.பி., அதாவது லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். நின்று நிதானித்து, ஒருவர் மாற்றி ஒருவராக ரிசீவர்களைத் தேடி எறிந்த காட்சிகள் அவருடைய லூயிவில் கல்லூரி வீடியோவிலேயே இருக்கின்றன. ஓட்டத்திலேயே மயங்கியவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

இன்னொரு குவாட்டர்பேக் ஆன்டனி ரிச்சர்ட்சன் விஷயம் வேறு. ஃப்ளோரிடா கல்லூரி அணியில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடியவை 13 ஆட்டங்கள்தான். 2023இல் நான்காவதாக எடுத்தார்கள். ஒரு பையனின் கண்ணைப் படிக்க 13 ஆட்டம் போதாது என்பது என் கருத்து.

சரி, ஓட்டம் எப்படி முடிகிறது? 2012இல் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் தன் முதல் என்.எஃப்.எல். வருடத்திலேயே 815 கெஜம் ஓடினார். டிசம்பரில் ஒரு ஓட்டத்தின் முடிவில் வலது முழங்காலில் அடி. 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிராக அதே முழங்காலில் தசைநார்கள் கிழிந்தன. மறுபடி அவர் அந்த அளவுக்கு ஓடவே இல்லை.

அதனால் என் நோட்டில் மூன்று கட்டங்கள்: சறுக்கினான், கோட்டுக்கு வெளியே போனான், அடி வாங்கினான். பேஸ்பால் ஆடி வளர்ந்த பையன்களுக்குச் சறுக்குவது கைவந்த கலை. மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். மூன்றாவது கட்டம் நிறைந்திருந்தால், அவனை எடுக்காதீர்கள் என்று நான் எழுதுவதில்லை. சறுக்கச் சொல்லித்தர முதல் நாளே ஒரு கோச்சை ஏற்பாடு செய்யுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.