பிள்ளையின் மஜ்ஜையை ஆய்வுக்குக் கேட்டால்: சிங்கப்பூர்ச் சட்டம் சொல்வது

சிறுபிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராயும் ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பிள்ளையின் எலும்பு மஜ்ஜை மாதிரியை ஆய்வுக்குத் தருவதற்கான ஒப்புதல் படிவத்தை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு விளக்கப் போனபோது அந்த அப்பா முதலில் கேட்டது இதுதான்: "கையெழுத்துப் போடலேன்னா வைத்தியத்தைக் குறைச்சிடுவாங்களாம்மா?"

குறைக்க மாட்டார்கள். 2015ல் நிறைவேறிய மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரை ஆய்வில் சேர்ப்பது குற்றம். ஆய்வுக்கான விதிகள் 2017 நவம்பரிலும் இப்படிப்பட்ட மாதிரிகளைச் சேமித்து வைக்கும் திசு வங்கிக்கானவை 2019 நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தன.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். அம்மா, அப்பா இருவரில் ஒருவர் போட்டால் போதும், ஆனால் விவரம் புரிகிற வயதுப் பிள்ளையாக இருந்தால் அந்தப் பிள்ளையும் சம்மதிக்க வேண்டும், இதைத்தான் பல பெற்றோர் கவனிப்பதில்லை. பதினான்கு வயதுப் பையன் விஷயம் புரிந்து "வேணாம்" என்றால் அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. அவனிடமும் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், 21 வயது நிரம்பிய சாட்சி ஒருவர் இருக்க வேண்டும், படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குபவரே சாட்சியாக முடியாது.

கொடுப்பது தானம். காசு கிடையாது, நாளை அதிலிருந்து மருந்து கண்டுபிடித்தாலும் உரிமை கோர முடியாது. மாதிரி வெளிநாட்டுக்குப் போகுமா, ஆய்வில் எதிர்பாராமல் ஏதாவது தெரியவந்தால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா, இரண்டையும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். படிவத்தை விளக்குபவர் மறந்தால் நீங்களே கேளுங்கள்.

மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இன்னும் பயன்படுத்தாத, உங்கள் பிள்ளையுடையது என்று அடையாளம் காணக்கூடிய மாதிரியை அதற்குமேல் தொட மாட்டார்கள். அதுவரை கிடைத்த முடிவுகளைத் திரும்பப் பெற முடியாது.

அந்த மாதிரி எங்களிடம் வரும்போது சுண்டுவிரல் அளவு டியூப், மேலே வெறும் எண். திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து, மைனஸ் 196 டிகிரியிலிருந்து, எடுக்கும்போது மூடியெல்லாம் பனி படர்ந்திருக்கும், துடைத்தால்தான் எண் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் ஒரு பிள்ளை வலி பொறுத்துக் கொடுத்தது என்பது கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வில், ஆரம்பகட்டச் சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையில் மிஞ்சிய புற்றணுக்களை எண்ணிப் பார்த்துத்தான், சீக்கிரம் தேறிய பிள்ளைகளுக்குக் கீமோவைக் குறைத்தார்கள். அதற்கும் யாரோ அப்பா அம்மா சம்மதித்திருக்கிறார்கள்.

சரி, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை. புரியாத வரியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், எத்தனை தடவையானாலும்.