பொம்மை வீட்டுப் பூவும் ஒரு பட்டன் பேட்டரியும்

கிறிஸ்துமஸ் பொம்மை வீடு கேட்பவர்கள் எல்லோரும் வாசலில் பாயின்செட்டியா தொட்டி ஒன்றும் கேட்பார்கள். மெக்சிகோவின் செடி அது; இரவு நீளும்போதுதான் சிவக்கும். அதனால்தான் டிசம்பரோடு அப்படி ஓர் உறவு.

நான் செய்வது 1:12 அளவு. நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். 24 செ.மீ. அகலப் பூ 2 செ.மீ. ஆகிவிடும். சிவப்பாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, இலைகள்தான். உண்மையான பூக்கள் நடுவில் மஞ்சளாக, குட்டியாக இருக்கும். அதனால் ரோஜா இதழ் போல வட்டமாக வெட்டாதீர்கள், நுனி கூராக இருக்கட்டும். இரண்டு பக்கமும் வண்ணம் பூசிய மெல்லிய தாளை வெட்டி, ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் தூரிகை நுனியால் தொட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நடுவில் அழுத்தினால் இலை தானாகக் குழிந்து எழும். பெரிய அடுக்கு கீழே, சிறியது மேலே. ஃபெவிகால் குண்டூசி முனை அளவு போதும்.

நடுவில் முன்பு மஞ்சள் பாசிமணி ஒட்டுவேன், இப்போது இல்லை. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை பூவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் உடனே எடுத்துவிட்டார். பூ எவ்வளவு அழகோ, அவ்வளவுக்கு அந்தச் சின்னக் கை அதைத் தேடும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 3.17 செ.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆபத்து. நம் பூ தாராளமாக அடங்கும். மணிக்குப் பதில் இப்போது மஞ்சள் வண்ணத்தைப் புள்ளிகளாக வைக்கிறேன், தொட்டியைப் படியோடு சேர்த்து ஒட்டிவிடுகிறேன்.

எனக்குப் பெரிய பயம் பூ அல்ல, குட்டி விளக்குக்குப் போடும் பட்டன் பேட்டரி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். அழுகிறதா, இருமுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம்.

திருகாணி போட்டு மூடும் பேட்டரிப் பெட்டி இல்லாத விளக்கை நான் இப்போது எந்த வீட்டிலும் பொருத்துவதில்லை. விலை கொஞ்சம் கூடும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.