உறுமலின் சுருதி: 50 ஆ, 100 ஆ?

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, பாவித்த ஹைபிரிட் கிற்றார் அம்ப் ஒன்று வாங்கினேன். சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று உறுமுது. வால்வு பழுதா? புதுசு எடுக்கவேணுமா?"

வால்வுக்குக் காசு கட்ட முதல் அந்த உறுமலைக் காது கொடுத்துக் கேளுங்கள் தம்பி. அது எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஹைபிரிட் என்றால் முன்பகுதியில் வால்வு, அதாவது சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய், பெரும்பாலும் 12 ஏஎக்ஸ் 7 என்ற வகை. ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதியில் திரான்சிற்றர் அல்லது ஐசி. முதலில் கிற்றார் வயரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் கோளாறு வயரிலோ கிற்றாரிலோ இருக்கிறது. எங்கள் கடற்காற்றுக்கு ஜாக் களிம்பேறுவது வழமை, அதையும் துடைத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் மாஸ்டர் வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். குறைந்தால் வால்வுப் பக்கம், அசையாமல் அப்படியே இருந்தால் பின்பகுதி அல்லது மின்வழங்கி.

இனிச் சுருதி. கிற்றாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தி, அம்பில் மாட்டாமலே மீட்டுங்கள். அந்த 'ஜி' சுரம் 98 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 98 அதிர்வு. உறுமல் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹேர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, ஆழத்தில் முனகினால் 50. அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்பார்கள். அது அவர்களுடைய மின்சாரம், எங்களுடையது 50.

50 என்றால் சுவர் மின்சாரம் நேரே உள்ளே நுழைகிறது: வால்வின் ஹீட்டர், எர்த் தொடுப்பு, நிலைமாற்றியின் (ட்ரான்ஸ்ஃபோமர்) காந்தப்புலம் இவற்றில் ஒன்று. 100 என்றால் அது இருவாயிகளை (டயோட்) தாண்டி வந்த மின்சாரம். முழுவலைச் சீராக்கத்தில் ஆடலோட்டத்தின் (ஏசி) கீழ் அரைகளும் மேலே மடிக்கப்படுகின்றன. செக்கனுக்கு 50 அலை 100 மேடுகளாகிறது. உயர்தரத்தில் பௌதிகம் படித்த எல்லோரும் இந்த வரைபைக் கீறியிருப்போம். அலைவுகாட்டி (ஒசிலஸ்கோப்) திரையில் அதைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு பாடசாலை ஆய்வுகூடத்திலும் ஒன்றாவது இருக்கவேண்டும், அதற்குச் செலவழிக்கும் காசு வீணே போகாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த 100 மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்புவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கொள்ளளவி (கப்பாசிற்றர்). கந்தளாய்க் குளம் போலத்தான். மழை பருவத்துக்குத்தான் வரும், வாய்க்காலில் தண்ணீர் இடைவிடாமல் ஓடவேண்டும். குளம் தூர்ந்தால் அடுத்த மழைக்கு முன்பே மட்டம் இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அம்ப் 1 அம்பியர் இழுக்கிறது, இரண்டு மேடுகளுக்கு இடையில் 10 மில்லிசெக்கன். 4700 மைக்ரோஃபரட் கொள்ளளவி அதற்குள் ஏறத்தாழ 2 வோல்ற் இறங்கும். அதுவே வரண்டு 1000 ஆகிவிட்டால் 10 வோல்ற் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்பீக்கருக்குள் போய் உறுமுகிறது.

ஏன் வரள்கிறது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த அலுமினியக் குவளைக்குள் அரித்து முரடாக்கிய அலுமினியத் தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் வளர்த்த ஒட்சைட்டுப் படலம்தான் காவலி. ஒரு வோல்ற்றுக்கு ஒன்றரை நானோமீற்றர்கூட இல்லாத தடிப்பு! அவ்வளவு மெல்லிசு என்பதால்தான் இத்தனை கொள்ளளவம் ஒரு சின்னக் குவளைக்குள் அடங்குகிறது. அதோடு இந்தப் படலம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். எங்காவது சிறு பொத்தல் விழுந்தால் அங்கே மின் கசியும், கசியும் இடத்தில் உள்ளே இருக்கும் மின்பகுபொருள் திரவத்திலிருந்து ஒட்சிசன் வந்து அலுமினியத்தோடு சேர்ந்து மறுபடி படலமாகும். ஆனால் அந்தத் திரவம் ரப்பர் அடைப்பு வழியே வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகிறது. ஒவ்வொரு 10 பாகை சூட்டுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. திருகோணமலையின் ஆடி வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில், சூடான வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் கொள்ளளவியின் கதியை யோசியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எர்த் முள்ளைக் கழற்றினால் உறுமல் நிற்கும் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். சிலவேளை நிற்கவும் செய்யும். ஆனால் உள்ளே ஒரு வயர் விட்டுப்போய்ச் சட்டத்தில் பட்டால் கிற்றார் தந்தியில் 230 வோல்ற் நிற்கும். மைக்கில் உதடு படும் பாடகருக்கு அது மரணம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

100 தான் என்று உறுதியானால், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் மின்னேற்றம் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். வால்வுக்கான பகுதியில் சில அம்ப்களில் 300 வோல்ற் வரை நிற்கும். தடையி ஒன்றை முனைகளுக்குக் குறுக்கே பிடித்து இறக்கி, மீற்றரில் பூச்சியம் காட்டிய பிறகே கை வையுங்கள். பழக்கமில்லையென்றால் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். புதியது அதே கொள்ளளவமாக, வோல்ற்றளவு அதே அல்லது கூடியதாக, 105 பாகை சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும். மறைமுனைக் கோட்டைப் பார்த்துப் பொருத்துங்கள், மாறிப் போட்டால் வெடிக்கும். பின்பகுதிக்கு நேர், மறை என இரண்டு கொள்ளளவிகள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே சூட்டில் கிடந்தவை.