சங்கப் பொதுக்குழுவா? செப்டம்பர் 30-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

குடியிருப்போர் நலச் சங்கம், படிப்பகம், பழைய மாணவர் சங்கம், கிரிக்கெட் கிளப் என்று எதுவாக இருந்தாலும் சரி, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால் வருடத்துக்கு ஒரு முறை பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். செயலாளருக்கு நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை. (கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேறு சட்டம், அறக்கட்டளைகளுக்கு இது கிடையாது.)

நிறையப் பேர் கூட்டத் தேதியை மண்டபம் கிடைப்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலான சங்கங்களுக்கு மார்ச் 31-இல் கணக்கு வருடம் முடியும், அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், அந்த வருடம் சங்கம் இயங்கியது என்ற உறுதிமொழி எல்லாம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். அதாவது செப்டம்பர் 30. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், கூட்டம் ஆகஸ்டுக்குள் முடிந்தால் நிம்மதி, நோட்டீஸ் ஜூலையில் போக வேண்டும், ஆடிட்டரிடம் பில் கட்டு மே மாதமே போய்ச் சேர வேண்டும். ஜூலையில் போய் நின்றால் அவர் வருமான வரிக் கணக்குகளுக்குள் தலையைப் புதைத்திருப்பார், நம் சங்கத்தின் தொட்டி கழுவிய ரசீதைப் பார்க்க அவருக்கு ஏது நேரம். இன்னொரு வசதியும் உண்டு: ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகையிலும் கொஞ்சம் பேரம் பேசலாம்.

அடுத்தது நோட்டீஸ். எனக்குத் தெரிந்து கூட்டங்கள் கெடுவது மேடையில் நடக்கும் சண்டையால் இல்லை, நோட்டீஸில்தான். குறைந்தது 21 நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளையும் கூட்ட நாளையும் சேர்க்காமல் எண்ணுங்கள், இன்னும் நல்லது 25 நாள் வைத்துக்கொள்வது. வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நீல டிக் விழுந்ததே என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள், அதை ஏற்றாலொழிய, ஒரு நோட்டில் வீட்டு எண், பெயர், கொடுத்த தேதி, கையெழுத்து என்று கோடு போட்டு வீடு வீடாகப் போவதுதான் பாதுகாப்பு. வீட்டைப் பூட்டிவிட்டு மகன் ஊருக்குப் போனவர்களுக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் பகுதி நலச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது ஒரு வருடம் சந்தா விதியை மாற்ற நினைத்தோம். நோட்டீஸில் 'பைலா திருத்தம்' என்று ஒரு வரி, அதுவும் 19 நாள் முன்னதாக. கூட்டம் தொடங்கி பத்து நிமிடம் ஆகியிருக்காது, வங்கியில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார், ஒரு கையில் பைலா, இன்னொரு கையில் தினசரி நாட்காட்டித் தாள். "தம்பி, எண்ணிப் பாருங்க." எண்ணிப் பார்த்தோம். மண்டப வாடகை இரண்டு முறை, வடை காபி இரண்டு முறை.

பைலாவைத் திருத்துவதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எந்த விதியை எப்படி மாற்றப்போகிறோம், அதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம் என்பது 21 நாள் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். வாக்குரிமையோடு வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. 80 பேர் வந்திருந்தால் 60 கை உயர வேண்டும். 55 பேர் ஆதரவு, 25 பேர் பேசாமல் வடை சாப்பிடுகிறார்கள் என்றால் தீர்மானம் தோற்றது என்றுதான் அர்த்தம், எதிர்ப்பே இல்லையே என்று எழுதி வைக்க முடியாது. அஜெண்டாவின் கடைசியில் 'தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்' என்று போடுவோமே, அதற்குள் இதை நுழைக்கவும் முடியாது. அது தெருவிளக்கு, நாய்த் தொல்லை மாதிரி விஷயங்களுக்கு.

யாருக்கு ஓட்டு என்பதை உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து முன்கூட்டியே முடித்துவிடுங்கள். வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயர் இன்னும் இருக்கும், வாங்கியவர் பெயர் ஏறியிருக்காது. சந்தா பாக்கி இருந்தால் ஓட்டு உண்டா, எத்தனை பேர் வந்தால் கோரம், கோரம் சேராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, தன் சார்பில் வேறொருவரை அனுப்பலாமா எல்லாவற்றுக்கும் உங்கள் பைலாதான் பதில் சொல்லும். பக்கத்துச் சங்கத்தில் எப்படிச் செய்தார்கள் என்பது இங்கே செல்லாது.

கூட்டத்தன்று வருகைப் பதிவேட்டில் வரிசை எண் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் முடிந்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, மொத்தம் எத்தனை பேர் என்று எழுதித் தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கோடு இல்லாத பக்கத்தில் பிற்பாடு புதிதாக நாலு பேர் 'வந்திருப்பார்கள்'. மினிட் புத்தகத்தையும் அன்றைக்கோ மறுநாளோ எழுதிவிடுங்கள், தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்பது வரை.

தேர்தல் வருடம் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது, அதே ஆட்கள் திரும்ப வரச் சட்டத்தில் தடையில்லை. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7-ஐ மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுப் பழைய பொருளாளரின் கையெழுத்தை மாற்ற வங்கிக்குப் போய் நின்றால் முதலில் கேட்பது இந்தப் படிவத்தின் நகலைத்தான்.

தேர்தலே செல்லாது என்று இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு படிவம் 7 எடுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆனால் எந்தக் கோஷ்டி ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அவருக்கு இல்லை, அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே முதலில் கேட்கப்போவது நோட்டீஸ் கொடுத்த அந்தக் கையெழுத்து நோட்டு, அதனால் கூட்டம் முடிந்ததும் அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல் மினிட் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி பீரோவில் வையுங்கள்.